சென்னை – மதுரை: வாசலிலிருந்து வாசலுக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் நகரில் பல குடும்பங்களுக்கு மதுரைப் பக்கம்தான் சொந்த ஊர். "பிளைட்டில் ஒண்ணேகால் மணி நேரம், காரில் எட்டு மணி நேரம்" என்று பொதுவாகச் சொல்கிறோம். வங்கியில் கணக்கு எழுதிய பழக்கத்தில் இதையும் கூட்டிப் பார்த்தேன்.

முதலில் தூரம். நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். விழுப்புரம், திருச்சி வழியாகச் சாலையில் சுமார் 460. வித்தியாசம் 40தான்.

அடுத்து நேரம். நம் தாம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர முக்கால் மணி. இரண்டு மணி நேரம் முன்பே வரச் சொல்கிறார்கள். பயணம் ஒண்ணேகால் மணி. இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி. மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டர். வீடு சேர முக்கால் மணி. ஆகக் கூடுதல் ஐந்தேகால் மணி. டிக்கெட்டில் இருப்பது மொத்தச் சம்பளம் மாதிரி. கைக்கு வருவது வேறு.

காரில் சராசரி 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 7 மணி 40 நிமிடம். இரண்டு இடத்தில் அரை மணி நிறுத்தினால் 8 மணி 40 நிமிடம். மிச்சமாவது மூன்றரை மணிக்கும் குறைவு. மேலூர்க்காரர்களுக்கு அதுவும் குறையும். காரில் போனால் மதுரைக்கு முன்பே ஊர் வந்துவிடும். விமானத்தில் போனால் ஊரைத் தாண்டி இறங்கித் திரும்ப வர வேண்டும். அருப்புக்கோட்டை, விருதுநகர்க்காரர்களுக்கு விமானமே லாபம்.

இதை ஏன் சொல்கிறேன்? இரவு 10 மணிக்கு ஊரிலிருந்து போன் வருகிறது, அம்மாவுக்கு முடியவில்லை என்று. உடனே கார் சாவியைத் தேடுகிறோம். 11 மணிக்குக் கிளம்பினால் காலை 7.40க்குச் சேரலாம். காலை 6.30க்கு ஒரு விமானம் கிடைத்தால், வீட்டை விட்டு 3.45க்குக் கிளம்பி 9 மணிக்குச் சேரலாம். வித்தியாசம் 1 மணி 20 நிமிடம். அதற்காக, மனக் கலக்கத்தோடு, தூக்கமில்லாமல், தனியாக இரவு முழுக்க ஸ்டியரிங் பிடிக்க வேண்டுமா? போய்ச் சேருவதுதானே முக்கியம்!

விமானத்தில் இடமில்லை, போயே தீர வேண்டும் என்றால் ஆக்டிங் டிரைவரை அழையுங்கள். நம்பிக்கையான நான்கைந்து டிரைவர்களின் எண்களைச் சங்க அலுவலகத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம் என்பது என் யோசனை. உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் செயலாளரிடம் இன்றே கொடுங்கள்.