கழிவு நீரும் கிந்தா ஆறும்

(கிளைச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பள உயர்வைப் பற்றிப் பேசும் இம்மேடையில் இன்று சாக்கடையைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். சாக்கடை போய்ச் சேருமிடம் ஆறு. ஆற்றோரமெங்கும் நம்மவர் குடியிருக்கிறார்கள்.

ஈப்போ நகரின் நடுவே ஓடும் கிந்தா ஆறு தெற்கே சென்று பேராக் ஆற்றில் கலக்கிறது. ஈயச் சுரங்கங்கள் ஓங்கியிருந்த காலத்தில் மணலும் சேறும் அதை மேடாக்கின. 1985-ல் ஈய விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின. ரப்பர் தோட்டங்கள் பலவும் செம்பனையாயின, வீட்டு மனைகளாயின. இன்று ஆற்றின் மேல் விழும் சுமைகளுள் ஒன்று வீட்டுக் கழிவு நீர்.

ஸ்டோரில் பால் உறைந்தபின் எஞ்சும் நீரை ஓடையில் விட்டால் என்ன ஆகும்? ஓடை நாறும், மீன் செத்து மிதக்கும். ஏன்? கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் அக்கழிவைத் தின்னும்போது நீரிலுள்ள பிராணவாயுவை இழுத்துக் கொள்கின்றன. மலக்கழிவும் இதையே செய்கிறது.

சுத்திகரிப்பு நிலையம், அந்தத் தின்னும் வேலையை ஆற்றுக்கு விடாமல் தொட்டிக்குள் முடிக்கும் ஏற்பாடு. முதலில் கம்பித் தடுப்பில் கந்தலும் குப்பையும் நிற்கும். மணலும் எண்ணெயும் பிரிக்கப்படும். பிறகு காற்றுச் செலுத்துவார்கள்; சிற்றுயிர்கள் கழிவைத் தின்று பெருகி வண்டலாக அடியில் படியும். தெளிந்த நீர் ஆற்றுக்குப் போகும். ஆனால் அது குடிநீரன்று. மின்சாரம் நின்று காற்று நின்றால் வேலையும் கெடும்.

தீபகற்பத்தின் பெரும்பாலான நகராண்மைகளின் இப்பணியை 1994 முதல் இண்டா வாட்டர் நிறுவனம் ஏற்றது. 2000-ல் அது நிதி அமைச்சின் உடைமையாயிற்று. 1978-ல் ரப்பர் ஆலைக் கழிவுக்கும், 2009-ல் வீட்டுக் கழிவு நீருக்கும் தனி விதிகள் வந்தன. 2009 விதிப்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே அமையும் புதிய நிலையம் விடும் நீரில், பிராணவாயுவை இழுக்கும் கழிவின் அளவு லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மற்ற இடங்களில் 50.

தோழர்களே! குழாய் இணைப்பில்லாத லயத்துக்கு இந்த நிலையத்தால் என்ன பயன்? அங்கே இருப்பது மலத்தொட்டி. வண்டலை வாரா விட்டால் அது நிரம்பி ஓடைக்கு வழியும். நாம் கணக்கெழுதிய ஒரு தோட்டத்தில் அப்படி வழிந்தது. பெண்கள் வந்து முறையிட்டார்கள். கிராணிமாராகிய நாம் புகார்ப் புத்தகத்தில் எழுதி, கடமை முடிந்ததென்று மூடிவைத்தோம். மழை வந்தது, பிள்ளைகள் குளிக்கும் ஓடையில் அது கலந்தது. அந்த வெட்கம் இன்றும் நம்மை விடவில்லை.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். நம் வீட்டுக் கழிவு எங்கே போகிறதென்று ஒவ்வொருவரும் கேட்டறிவோம். சமையல் எண்ணெயையும் கந்தலையும் குழாயில் போடாதிருப்போம். தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மலத்தொட்டி வாருவதைக் குடியிருப்புக் கோரிக்கையிலே சேர்த்து, தேதி குறித்து எழுத்தில் பதில் வாங்குவோம்.

மேலே இருப்பவன் கழுவிவிட்டதைக் கீழே இருப்பவன் குடிக்கிறான். கூலிக்காக ஒன்றுபட்ட நாம் தண்ணீருக்காகவும் ஒன்றுபடுவோம்!