புதிய பாணரும் புதிய ஆற்றுப்படையும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவிலே பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

இசையைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் என்னைப் பணித்துள்ளார்கள். நான் பாடகனல்லன், வாத்தியம் எதனையும் முறையாகப் பயின்றவனுமல்லன். கேட்பவன் என்னும் ஒரு தகுதியே எனக்குண்டு. எனவே, சினிமாவின் துணையோ பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகளின் துணையோ இன்றித் தாமே பாட்டெழுதி, தாமே இசையமைத்து, தாமே வெளியிட்டுத் தலையெடுக்க முயலும் இளங்கலைஞரைப் பற்றி, கேட்பவனுடைய பக்கத்தில் நின்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். இவர்களைத் தனித்துநிற்கும் கலைஞர் என்றோ சுயாதீன இசைஞர் என்றோ அழைக்கிறார்கள்.

சங்க இலக்கியம் கற்றோர் ஆற்றுப்படை என்னும் நூல்வகையை அறிவார்கள். பத்துப்பாட்டிலே ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை பக்தனை முருகனிடம் வழிப்படுத்துவது. ஏனைய நான்கும் கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவன. பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வழியிலே பசியோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்ன வள்ளலைக் காண்க என்று கூறுவதே அவற்றின் பொருள். சிறுபாணன் நல்லியக்கோடனிடமும், பெரும்பாணன் தொண்டைமான் இளந்திரையனிடமும், பொருநன் கரிகாலனிடமும், கூத்தன் நன்னனிடமும் அனுப்பப்படுகின்றனர்.

அக்காலத்திலே கலைஞன் நடந்தான். வள்ளல் இருந்த இடத்தில் இருந்தான். இன்றோ நிலைமை மாறிவிட்டது. கலைஞன் தன் வீட்டு அறையிலே பாடிப் பதிவுசெய்து உலகத்தின் முன்னே வைத்துவிடுகிறான். அவன் பாட்டு நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியிலே கிடக்கிறது. ஆனால் வள்ளலுக்கு அது தெரியாது. இன்றைய வள்ளல் யாரெனின், அரசருமல்லர், ஜமீன்தாருமல்லர். சில நூறு ரூபாவும் அரைமணி நேரமும் உடைய நாமே. ஆதலால் இக்காலத்துக்கு வேண்டிய ஆற்றுப்படை, கேட்போரைக் கலைஞரிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படையாகும். அதனைப் பாடவேண்டியவர்களும் நாமே. இதுவே நான் கூறவந்த ஒரே விஷயம்.

"நல்ல பாட்டு என்றால் அது தானாகவே வெளியே வருமே, நாம் ஏன் தேடவேண்டும்?" என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், உலகெங்கும் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான புதிய பாட்டுகள் இணையத்தில் ஏறுகின்றன. அக்கடலிலே ஒரு முத்துத் தானாக மிதந்து வராது. எவரேனும் மூழ்கத்தான் வேண்டும்.

அவ்வாறு மூழ்கிய ஒருவரை உதாரணமாகக் காட்டுவேன். பிரித்தானிய ஒலிபரப்பாளர் ஜோன் பீல் என்பவர் 1967ஆம் ஆண்டு தொடக்கம் 2004இல் இறக்கும்வரை பி.பி.சி. வானொலியிலே இசை நிகழ்ச்சி நடத்தியவர். பேரறியாத இளைஞர் தாமே பதிவுசெய்து அனுப்பும் நாடாக்களைப் பொறுமையோடு கேட்பது அவர் வழக்கம். வட அயர்லாந்தின் டெரி நகரத்து இளைஞர் சிலர், அண்டர்டோன்ஸ் என்ற பெயரிலே, பெல்பாஸ்ற் நகரத்துச் சிறிய வெளியீட்டகம் ஒன்றின் மூலம் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். 1978ஆம் ஆண்டிலே பீல் அதனை வானொலியில் இட்டார். பாட்டு முடிந்ததும் உடனே மீண்டும் ஒருமுறை இட்டார். அக்குழுவினரை உலகம் அறிந்தது. பீல் அவர்களுக்குத் தாளமோ சுருதியோ கற்பிக்கவில்லை. கேட்டார், கேட்டதை நாலுபேருக்குச் சொன்னார். கண்டுபிடித்தல் என்பது இவ்வளவே.

இத்தகைய காது நமக்குப் புதிதன்று. அளவெட்டியிலே வாழ்ந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933-1975) போன்றோரின் காலத்திலே, கோவில் வீதியில் விடியவிடிய இருந்து, கைவிரலால் எண்ணித் தாளம்போட்டுக் கேட்ட சபை ஒன்று நம் மண்ணில் இருந்தது. அச்சபையிலே கமக்காரரும் இருந்தனர், கடைக்காரரும் இருந்தனர். யாருடைய கை சுத்தம், யாருடைய கை இன்னும் பழகவேண்டும் என்று அவர்கள் விளம்பரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை. சென்னையின் மார்கழி இசைவிழாவிலும் இளங்கலைஞருக்குப் பெரும்பாலும் நண்பகற் பொழுதே ஒதுக்கப்படுகிறது. அவற்றுட் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. மாலையிலே பெயர்பெற்றோருக்கு மண்டபம் நிரம்பும். நாளை மாலையிலே பாடப்போகிறவர் யாரென்று அறிய விரும்புவோர் நண்பகலிலே போய் அமர்வார்கள்.

நம் தலைமுறையிடம் உள்ள குறைகள் என நான் கருதுவன மூன்று.

முதலாவது, பரிமாறியதை மட்டும் உண்ணுதல். 1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தது. அதன் பின்னர் தமிழ்ப்பாட்டு என்றாலே சினிமாப்பாட்டு என்னும் எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றிவிட்டது. சினிமாவிலே அரிய இசை உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆனால் அங்கே பாட்டுக் கதைக்கும் நடிகருக்கும் ஊழியஞ் செய்யவேண்டியிருக்கிறது. அவ்வூழியத்துக்கு வெளியே நின்ற பாட்டுகள் நம் நாட்டிலேயே பிறந்ததுண்டு. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாட்டும், ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' பாட்டும் ஈழத்துப் பொப்பிசை என்ற பெயரிலே கடல்கடந்தும் சென்றன. அவற்றை முதலிலே எந்தக் கதாநாயகனும் சுமந்து செல்லவில்லை. கலியாண வீடுகளிலும் சுற்றுலாப் பஸ்களிலும் சனங்களே சுமந்து சென்றார்கள்.

இரண்டாவது, பாட்டை வைத்துக்கொண்டு பெயரைத் தொலைத்தல். இதுவே எல்லாவற்றிலும் பெருங்குறை. 2021ஆம் ஆண்டிலே 'மெனிகே மகே ஹித்தே' என்னும் சிங்களப் பாட்டு இந்தியா முழுவதும் ஒலித்தது. யொஹானியின் பெயரை எல்லாரும் அறிந்தோம். அப்பாட்டு 2020இலேயே சதீஷன் ரத்நாயக்க பாடி வெளிவந்தது என்பதையும், அதன் இசையமைப்பாளர் சமத் சங்கீத் என்பதையும் அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

அதே ஆண்டு மார்ச் மாதத்திலே 'எஞ்சாய் எஞ்சாமி' வெளிவந்தது. சினிமாவுக்கு வெளியே பிறந்து, சினிமாப்பாட்டுகளையும் விஞ்சி, யூரியூப்பிலே பல கோடி தடவை கேட்கப்பட்ட தமிழ்ப்பாட்டு அது. எழுதியவர் அறிவு, அவரோடு பாடியவர் தீ, தயாரித்தவர் சந்தோஷ் நாராயணன். இப்பாட்டு நமக்கு அந்நியமன்று. நிலமற்ற உழவர்களாகிய தம் முன்னோரும் தம் பாட்டியும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே உழைத்த வரலாறு இதற்குள் இருப்பதாக அறிவு கூறியிருக்கிறார். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 தோட்டத் தொழிலாளரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் தீர்மானிக்கப்பட்டது. எண்ணிக்கையாகவே எழுதப்பட்ட அம்மக்களின் பேரப்பிள்ளை ஒருவன் பாட்டாக எழுதியபோது, உலகம் ஆடிப்பாடிக் கேட்டது.

கேட்ட பின்னர் நிகழ்ந்தது யாது? 2021 ஆகஸ்ட் மாதத்திலே 'றோலிங் ஸ்ரோன் இந்தியா' சஞ்சிகை தன் அட்டையிலே தீயின் படத்தையும், யாழ்ப்பாணத்திலே பிறந்து கனடாவில் வாழும் ஷான் வின்சென்ற் டி போலின் படத்தையும் வெளியிட்டது. அறிவு அவ்வட்டையில் இல்லை. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் முதலியோர் இதனைக் கண்டித்துக் குரலெழுப்பினர். பின்னரே அறிவின் படம் வேறோர் அட்டையாக வந்தது. இதிலே அட்டைப்படத்தில் இடம்பெற்ற இரு கலைஞர்மீதும் நான் குறைகூற வரவில்லை. கேட்டவர்கள் குரல் எழுப்பியமையால் ஒரு பெயர் மீண்டது என்பதையே எடுத்துக்காட்டுகிறேன். எழுதியவன் பெயர் தொலையும்போது, எழுதப்பட்டவர்களும் இரண்டாம் முறை தொலைந்துபோகிறார்கள்.

பெரியபுராணத்திலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைத் திருக்கோயிலின் வாயிலிலே நின்று யாழிசைத்த செய்தி நம்மவர் அனைவரும் அறிந்தது. அடியார் கனவிலே இறைவன் தோன்றி அவரை உள்ளே அழைப்பித்தார். பின், தரையின் ஈரம் யாழ்நரம்பைத் தளர்த்துமென்று கூறி அவருக்குப் பொற்பலகை இடுவித்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். வாயிலில் நின்றவரை உள்ளே அழைத்ததும், அவர் தொழிலுக்கு வேண்டிய பலகையை அளித்ததும் இரண்டு செயல்கள். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பதே நம் மூன்றாவது குறை.

ஆம், மூன்றாவது குறை, விலை கொடாது கேட்டல். 2024 மார்ச் மாதத்திலே சந்தோஷ் நாராயணன், 'எஞ்சாய் எஞ்சாமி'யால் தமக்கோ அறிவுக்கோ தீக்கோ ஒரு ரூபாவும் வரவில்லை என்று பகிரங்கமாகக் கூறினார். அந்தக் கணக்கு வழக்கின் நியாயத்தைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆயினும், கோடிக்கணக்கானோர் கேட்பதும் கலைஞரின் வீட்டில் உலை வைப்பதும் வேறுவேறு விஷயங்கள் என்பது அதனால் தெளிவாகிறது.

இதன் பொறிமுறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். மாதச் சந்தா செலுத்திப் பாட்டுக் கேட்கும் செயலிகளிலே, பொதுவாக எல்லாருடைய பணமும் ஒரே குடத்தில் ஊற்றப்படுகிறது. நிறுவனம் தன் பங்கை எடுத்த பின்னர், மொத்தம் கேட்கப்பட்ட தடவைகளிலே யார் பாட்டு எத்தனை வீதம் என்று பார்த்து எஞ்சியதைப் பங்கிடுகிறார்கள். நான் மாதம் முழுவதும் மட்டக்களப்பு இளைஞன் ஒருவனுடைய பாட்டையே கேட்டாலும், என் சந்தாவின் பெரும்பகுதி உலகப் புகழ்பெற்றவர்களிடமே போய்ச் சேரும். மேலும், ஸ்பொட்டிஃபை என்னும் நிறுவனம் 2024 முதல், முந்திய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு அப்பங்கீட்டிலே எதுவும் கொடுப்பதில்லை. இதற்கு மாறான முறைகளும் உண்டு. பான்ட்காம்ப் என்னும் தளத்திலே கலைஞரின் பாட்டை நேரே விலைக்கு வாங்கலாம். நிறுவனம் அவ்விலையில் நூற்றுக்குப் பதினைந்து அளவிலே தன் பங்காக எடுக்கிறது. நோய்த்தொற்றுக் காலமாகிய 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அப்பங்கையும் எடாது விட்ட வெள்ளிக்கிழமைகளை அது தொடக்கிற்று. ஒரு பாட்டை ஒருமுறை வாங்குவதால் கலைஞரைச் சேரும் பணத்தை, செயலியிலே அதனை நூறுமுறை கேட்பதாலும் சேர்ப்பித்தல் அரிது.

அன்பர்களே! குறைகளைக் கூறியவன் செய்யத்தக்கதையும் கூறவேண்டும். நான் பயின்றது ஒரு மிஷன் கல்லூரி. அங்கே ஆண்டுதோறும் இசைமாலை நடைபெறும். அதற்கு அச்சிடும் நிகழ்ச்சிநிரலிலே, பாடுவோர் பெயர் மாத்திரமன்றிப் பாட்டை ஆக்கியோன் பெயர், பின்னணி வாசிப்போன் பெயர், மெழுகுதிரி ஏற்றும் சிறுவன் பெயர்வரை இருக்கும். அது சிறிய வழக்கமே. ஆனால் ஒரு பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அங்கேதான் நான் எண்ணக் கற்றேன். நம் சங்க விழாக்களிலும் பாடப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களை மேடையிலே அறிவிக்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

திருவிழாக் காலத்திலே சினிமாப்பாட்டு இசைக்குழுக்களுக்குப் பெருந்தொகை கொடுத்து அழைக்கிறோம். அவ்விரவிலே அரைமணி நேரத்தை, தம் சொந்தப் பாட்டைப் பாடும் உள்ளூர் இளைஞருக்கு ஒதுக்கலாம். அவர்களை "நம்ம பெடியள்தானே" என்று சொல்லி வெறும் பொன்னாடையோடு அனுப்பிவிடாது, சிறிதாயினும் சம்பளம் கொடுத்து அனுப்பவேண்டும். பொன்னாடை கிற்றார்த் தந்தி வாங்க உதவாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாதத்துக்கு ஒரு புதிய கலைஞரைத் தேடிக் கேளுங்கள். ஒருமுறை கேட்டுத் தள்ளிவிடாமல் மூன்றுமுறை கேளுங்கள். பிடித்திருந்தால் பெயரோடு இருவருக்குச் சொல்லுங்கள். பிடிக்காவிடின் எதனால் என்று எண்ணிப் பாருங்கள். நம்மவன் என்பதற்காகப் பொய்ப்புகழ் பாடுதல் கலைஞனுக்குச் செய்யும் உதவியாகாது. சுருதி விலகினால் விலகிற்று என்று பண்போடு கூறும் இரசிகனே அவனை வளர்ப்பவன்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாளம்போட்டுக் கேட்ட அந்தக் காது உங்களிடம் இருக்கிறது. எங்களிடம் தேடும் கருவி இருக்கிறது; அளக்கும் கோல் இல்லை. ஆதலால் புதிய பாட்டு என்றவுடன் இரைச்சல் என்று எழுந்து போகாது, எங்களோடு அமர்ந்து கேளுங்கள். எது சரக்கு, எது பதர் என்று எங்களுக்குக் காட்டித் தாருங்கள். ஒரு வீட்டிலே பாட்டனாரும் பேரனும் ஒரே பாட்டைக் கேட்டு வாதாடுவார்களாயின், அவ்வீடே நல்ல சபையாகிவிடும்.

பாணர் நடந்த வழியெல்லாம் இன்று நம் கையகலத்துக்குள் அடங்கிவிட்டது. வழி குறுகிய காலத்திலே வள்ளன்மையும் குறுகிவிடலாகாது. கேளுங்கள், பெயர் சொல்லுங்கள், விலை கொடுங்கள் என்று வேண்டி அமைகின்றேன்.