தவ்பாச் செய்தவர் நடக்கும் பாதை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

மது ஹராம் என்பதை அறியாதவர் இந்த மஜ்லிஸில் எவருமிலர். எனவே, மதுவைக் கைவிட்டு, மீண்டும் அதில் விழுந்துவிடக் கூடாதே என்று அன்றாடம் அஞ்சி வாழும் சகோதரரைப் பற்றியே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

குடிக்கு அடிமையாதல் ஒரு நோய் என்பது மருத்துவர்களின் முடிவு. குடியை நிறுத்திய பின்னரும் மூளையில் பதிந்த அதன் நினைவு எளிதில் அழிவதில்லை. கடையின் பெயர்ப்பலகை, புட்டியின் தோற்றம், அதன் வாடை, வழக்கமாகக் குடித்த மாலை நேரம் ஆகிய ஒவ்வொன்றும் அடங்கிக் கிடந்த வேட்கையைத் தட்டியெழுப்பிவிடும். மாதங்கள் பல கடந்த பிறகும் இது நேரும். ஆகவே அவரது தடுமாற்றத்தை ஈமானின் குறை என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடுதல் முறையாகாது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது வசனத்தை ஊன்றிக் கவனியுங்கள். மதுவை விட்டு விலகி நிற்குமாறே அது கட்டளையிடுகிறது. அத்தடை வந்தபோது மதீனாவாசிகள் தம்மிடமிருந்த மதுவைத் தெருவில் கொட்டினர் என ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அன்று மது உள்ளங்களிலிருந்து மட்டுமல்ல, கண்ணெதிரிலிருந்தும் அகன்றது.

நமது மாநிலத்தில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம் உள்ளது. வழிபாட்டுத் தலங்கள், கல்வி நிலையங்களிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், ஏனைய பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை அமைதல் கூடாதென்பது பொது விதி. பள்ளிவாசலுக்குத் தூரம் வகுத்த அவ்விதி, தொழுதுவிட்டு வீடு திரும்புபவரின் பாதைக்கு எத்தூரத்தையும் வகுக்கவில்லை!

2016 டிசம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம், சாலை விபத்துகளைக் கருதி, நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் தெரியும்படி மதுக்கடை இருத்தல் ஆகாதெனத் தீர்ப்பளித்தது. பார்வையே தூண்டுதல் என்பதை இது ஏற்றுக்கொள்கிறதல்லவா? அயர்லாந்து நாட்டில் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2020 நவம்பர் முதல் பலசரக்குக் கடைகளில் மதுவைத் தடுப்புக்கு அப்பாலோ, குறிப்பிட்ட அளவுள்ள அலமாரிகளிலோ ஒதுக்கி வைக்க வேண்டியுள்ளது. ரொட்டி வாங்க வருபவரின் கண்ணில் புட்டி படாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

சகோதரர்களே! நம்மால் இயன்றவை மூன்று. முதலாவது, திருந்த முயல்பவருக்குக் கடையில்லாத வேறு பாதையைக் காட்டி, மஃரிபுக்குப் பின் துணைக்கு ஒருவர் உடன் நடத்தல். இரண்டாவது, விதிக்கு மாறாக அமைந்த கடையிருப்பின், தூரத்தை அளந்து, அனைத்துச் சமுதாயத்தாரையும் இணைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு அளித்தல். மூன்றாவது, நாவைக் காத்தல். குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் ஏசியபோது, தம் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவ வேண்டாமெனப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவரைப் பழைய பட்டப்பெயரால் அழைப்பதும், அவர் வீட்டுச் சம்பந்தத்தைத் தட்டிக் கழிப்பதும் அந்த உதவியே அன்றோ?

கடையை அகற்றக் காலம் பிடிக்கலாம். அவருடன் நடப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. வல்ல ரஹ்மான் நம் மஹல்லாவைப் பாதுகாப்பானாக! ஆமீன்.