வரப்பில் நின்ற கண்ணும் வானில் நின்ற கண்ணும்

மதுரை மாநகரின் மேற்கே, வையையாற்றங்கரையில் அமைந்தது எங்கள் கோச்சடை. இன்று வீடுகள் நெருங்கி நிற்கும் இவ்வூரில், என் இளமைக் காலத்தில் நெல்வயல்கள் பரந்து கிடந்தன. விடியற்காலையில் என் தந்தையார் வரப்பில் நின்று பயிரை நோக்குவார். "வடக்கு மூலையில் பயிரின் முகம் வாடியிருக்கிறது" என்பார். எனக்கோ எல்லாம் பச்சையாகவே தோன்றும். சில நாட்களில் அம்மூலை மஞ்சளிக்கும்.

தொடாமலே பயிரின் நலிவை அறிந்த அக்கண்ணைப் போன்ற கண்கள் இன்று வானில் வலம் வருகின்றன. எட்ட நின்று பொருளின் இயல்பை அறியும் இக்கலையைத் தொலையுணர்வு என்பர். இவ்வானத்துக் கண் காண்பது யாது? காணாதது யாது? இதனைச் சிறிது ஆராய்வோம்.

கதிரவன் ஒளியிலுள்ள செந்நிறக் கதிர்களைப் பச்சையம் உட்கொள்கிறது. நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களில் ஒரு பகுதியை இலை திருப்பி அனுப்பிவிடுகிறது. நலமுள்ள இலை மிகுதியாகத் திருப்பும்; நலிந்த இலை குறைவாகத் திருப்பும். இவ்விரு கதிர்களையும் அளந்து ஒப்பிட்டால் பயிரின் நிலை விளங்கும். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது இது.

நம் நாட்டில் இக்கலைக்கு வித்திட்டவர் அறிஞர் பிஷரோட்டி. 1970-ஆம் ஆண்டளவில், கேரளத்துத் தென்னந்தோப்புகளை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்து, வேர்வாடல் நோய் கண்ட மரங்களை அவர் குழுவினர் பிரித்தறிந்தனர். பின்னர் 1988 மார்ச் 17 அன்று ஐ.ஆர்.எஸ்-1ஏ என்னும் நம் செயற்கைக்கோள் விண்ணேறியது. அதிலிருந்த ஒரு கருவியின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 72.5 மீட்டர் சதுரம். அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். 2015-இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம். அது இரண்டரை சென்ட் மட்டுமே. சிறு உழவரின் துண்டு நிலமும் இன்று வானிலிருந்து தெரிகிறது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் சம்பாப் பயிர் வளர்வதோ மேகம் மூடிய வடகிழக்குப் பருவத்தில். மேகத்தை ஊடுருவ ஒளிப்படக் கருவியால் இயலாது. ரேடார் அலைக்கு இயலும். நீர் கட்டி நாற்று நட்ட வயல் ரேடார் படத்தில் முதலில் இருண்டு தோன்றும். பயிர் வளர வளர அவ்விடம் வெளுக்கும். உழாது கிடக்கும் நிலத்தில் இம்மாற்றம் நிகழாது. ஆகவே நட்ட வயல் எது, தரிசு எது என்று பிரிக்கலாம்.

இதன் பயன் 2016-ஆம் ஆண்டு வறட்சியில் விளங்கிற்று. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தினும் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. அப்போது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு கூடி வகுத்திருந்த ரேடார் முறை, பயிர்க் காப்பீட்டிற்குத் துணைநின்றது.

எனினும் என் உறவினர் ஒருவரின் துயரை இங்குக் கூறவேண்டும். மேலூர்ப் பக்கம், கால்வாயின் கடைமடையில் அவருக்கு ஓர் ஏக்கர் நிலம். ஓராண்டு தலைமடையில் விளைந்தது, கடைமடை கருகியது. காப்பீட்டுத் தொகை கேட்டபோது, "ஊரின் சராசரி விளைச்சல் குறையவில்லை" என்ற விடையே கிடைத்தது. ஊரை ஓர் அலகாகக் கொள்ளும் விதி அது. எண்ணிப் பாருங்கள்: சராசரி எவர் வீட்டிலும் உலை வைப்பதில்லை அன்றோ? இரண்டரை சென்ட்டைப் பிரித்துக் காணும் கண் வாய்த்த பின்னும், கடைமடை உழவரின் இழப்பை ஊரின் கணக்கில் கரைத்துவிடுவது முறையாகுமா?

இதற்காக வானத்துக் கண்ணை மட்டும் நம்புக என்று நான் சொல்லேன். கண்மாயில் மண்டிய ஆகாயத்தாமரையும் வானிலிருந்து பச்சையே. வயல் நெல்லும் பச்சையே. இன்ன இடத்தில் இன்னது நிற்கிறது என்று தரையிலுள்ளவர் கூறினாலன்றிப் படம் பிழைபடும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கற் கணக்கும், ஐந்து மீட்டர் சதுரத்தில் அறுத்து நிறுக்கும் பயிர் அறுவடைச் சோதனையும் இதனாலேயே இன்றும் வேண்டப்படுகின்றன. அடங்கல் பொய்த்தால் படமும் பொய்க்கும்.

ஆதலின் உழவர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண், விதைத்த நாள், நட்ட நாள், நீர் நின்ற நாள், அறுத்த நாள், கண்ட மகசூல் ஆகியவற்றைத் தவறாது எழுதுங்கள். எழுதுவது அரிதாயின் பள்ளி செல்லும் பிள்ளைகளிடம் அப்பணியை ஒப்படையுங்கள். அவர்களுக்கு அதைவிடச் சிறந்த கணக்குப் பாடம் வேறில்லை. உங்கள் நிலத்தைப் பற்றி வானத்துப் படம் ஒன்று கூற, ஏடு மற்றொன்று கூறுமாயின், உண்மையை நிலைநாட்ட உங்கள் கையெழுத்து சான்றாக நிற்கும்.

என் தந்தையார் நின்ற வரப்பு இன்றில்லை, தெருவாகிவிட்டது. ஆனால் அவர் நோக்கிய நோக்கு அழியத்தக்கதன்று. வானில் எத்தனை கண்கள் சுழன்றாலும், வரப்பில் நிற்கும் கண் மூடாதிருத்தல் வேண்டும்.