சொட்டு நீர் கற்பித்த பாடம்



2012-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் கிணற்றுப் பம்பில், சுழல்தண்டு வெளிவரும் இடத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோடைக்காலத்தில் ஒரு துளியும் வீணாகலாகாது என்று எண்ணினேன். “ஐயா, அது கொஞ்சம் சொட்டினால்தான் நல்லது” என்றார் பம்பைக் கவனித்துவந்த பணியாளர். நான் கேளாமல் திருகுகளை இறுக்கச் செய்தேன். சொட்டு நின்றது; நானும் மகிழ்ந்தேன். மாலைக்குள் புகை எழுந்தது. தண்டில் வரிவரியாகத் தேய்வு விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்து குடிநீர் சுமந்து வந்தனர்.

பிழை எங்கே? பம்பின் கூடு அசையாதது, தண்டோ சுழல்வது. தண்டு சுழல வேண்டுமாயின் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் நீர் கசியும். பழைய முறையில் அவ்விடத்தில் கிரீஸ் தோய்ந்த கயிற்று வளையங்களைத் திணித்து, மூடியால் அழுத்துவர். கயிறு தண்டை உரசும். அவ்வுரசலின் வெப்பத்தைத் தணிப்பது, கசியும் அந்த நீரே. அதனை அறவே நிறுத்தியவன் நான்.

நீரானால் சொட்டலாம்; பெட்ரோலும் அமிலமும் சொட்டலாமா? அங்கே உதவுவது மெக்கானிக்கல் சீல். அதில் ஒரு வளையம் தண்டோடு சுழலும். மற்றொன்று கூட்டில் நிலைத்து நிற்கும். பெரும்பாலும் ஒன்று கார்பனாலும், மற்றது பீங்கான் போன்ற கடினப் பொருளாலும் ஆனது. மிகச் சமனாகத் தேய்த்த அவற்றின் முகங்களை ஒரு சுருள்வில் சேர்த்து அழுத்துகிறது. முகங்கள் தேயுந்தோறும் வில்லே தள்ளிக் கொடுக்கிறது. வளையங்களின் பின்புறமாகத் திரவம் நழுவாமல் ரப்பர் வளையங்கள் காக்கின்றன.

கசிவு கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் இரு முகங்களுக்கும் இடையே, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், மெல்லிய திரவப் படலம் தங்குகிறது. அதுவே மசகு, அதுவே குளிர்ச்சி. பம்பை வறட்சியாக ஓட்டினால் அப்படலம் மறையும். முகங்கள் சூடேறி விரிசல் காணும்.

ஆகவே, இறுக்குதல் வேறு, அடைத்தல் வேறு. சுழலும் பொருளை வெறும் வலிமையால் அடைக்க முயன்றால் அதுவே கெடும். அதற்கு வேண்டிய நுண்ணிய இடத்தை விட்டு அடைப்பதே திறமை.

முப்பது ஆண்டுகள் உராய்வைப் பற்றிப் பாடம் சொன்னவன் நான். ஆயினும் அப்பாடம் என் பள்ளிப் பம்பில் சொட்டியபோது எனக்குப் புலப்படவில்லை, அப்பணியாளருக்குப் புலப்பட்டது. மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில், மாணவர் அனைவர் முன்னிலையிலும் அதனை ஒப்புக்கொண்டேன்.