நாய்க்குப் பழம் கொடுக்கலாமா?

(வீட்டு விலங்குகள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்பு பேசியவர்கள் நாய்க்குத் தடுப்பூசி போடுவது பற்றியும் பயிற்சி கொடுப்பது பற்றியும் விரிவாகப் பேசினார்கள். என்னிடம் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு சிறியது. நாய்க்குப் பழம் கொடுக்கலாமா, கொடுத்தால் எதை, எப்படி, எவ்வளவு கொடுப்பது? கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதில் ஓர் உயிர் போகிற அளவுக்கு விஷயம் இருக்கிறது என்பதால், கொஞ்சம் பொறுமையாகக் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. நாய்க்குப் பழம் அவசியமா என்றால், அவசியம் இல்லை. நமக்கு வைட்டமின் சி வேண்டுமென்றால் கொய்யாவோ ஆரஞ்சோ சாப்பிட வேண்டும். நாய்க்கு அந்தக் கவலை கிடையாது. அதன் கல்லீரலே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்கிறது. ஆகவே சத்துக்காகப் பழம் கொடுக்கிறோம் என்பது நம் மனத் திருப்திக்காகச் சொல்வது.

அப்படியானால் நாய் ஏன் பழத்துக்கு ஏங்குகிறது? அதற்கு இனிப்புச் சுவை தெரியும். பூனைக்குத் தெரியாது, நாய்க்குத் தெரியும். அதோடு, பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்த விலங்கு அது. 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகமாக இருப்பதாகக் கண்டார்கள். நம் சோற்றைத் தின்று தின்று நம்மோடு சேர்ந்து மாறிவிட்ட உயிர் அது. நாம் சாப்பிடும்போது நம் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பார்வைக்கு முன்னால் யாருக்குத்தான் மனம் இளகாது? ஒரு துண்டு கொடுத்துவிடுகிறோம். அதில் தவறில்லை. எந்தப் பழத்துண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

திராட்சை வேண்டவே வேண்டாம்

இன்று நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். திராட்சையும் கிஸ்மிஸும் நாய்க்கு நஞ்சு. கறுப்புத் திராட்சை, பச்சைத் திராட்சை, விதையில்லாத திராட்சை எல்லாமே ஒன்றுதான். தோலை உரித்துக் கொடுத்தாலும் ஆபத்து போகாது. அது சிறுநீரகத்தைப் பாதிக்கிறது.

எங்கள் தாமானில் ஒரு குடும்பம். தீபாவளிக்கு முதல் நாள் பாயசத்துக்கு வாங்கி வைத்திருந்த கிஸ்மிஸ் பொட்டலத்தை அவர்கள் வீட்டு நாய் இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டது. அன்று இரவே இரண்டு முறை வாந்தி எடுத்தது. "தின்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். பண்டிகை வேலை, வருவோர் போவோர், யாருக்கும் நேரமில்லை. மறுநாள் நாய் சோர்ந்து படுத்திருந்தது. அதற்கடுத்த நாள் சாப்பிடவில்லை, சிறுநீரும் போகவில்லை. கிளினிக்கிற்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். ஐந்தாம் நாள் அது இறந்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர் என்னிடம் கேட்டார்: "பழம்தானே தம்பி, எலி மருந்தா?"

நியாயமான கேள்விதான். திராட்சையால் நாய்களின் சிறுநீரகம் கெடுகிறது என்பதை விலங்கு மருத்துவ உலகமே 2000ஆம் ஆண்டையொட்டித்தான் உணரத் தொடங்கியது. ஆனால் திராட்சையில் இருக்கும் எந்தப் பொருள் அப்படிச் செய்கிறது என்று நீண்ட காலம் பிடிபடவில்லை. ஒரு நாய் கைப்பிடி திராட்சை தின்றும் நன்றாக இருக்கும். இன்னொரு நாய் நாலு பழத்தில் நோயில் விழும்.

2021ஆம் ஆண்டில், அமெரிக்காவில் விலங்குகளுக்கான நச்சு ஆலோசனை மையம் ஒன்றில் பணியாற்றும் மருத்துவர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள். வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கு, திராட்சை தின்ற நாய்க்கு வருவது போன்ற அதே பாதிப்பு வந்தது. அந்த மாவில் கேக் செய்யப் பயன்படுத்தும் கிரீம் ஆஃப் டார்டார் கலந்திருந்தது. அதிலிருப்பது டார்டாரிக் அமிலம் சார்ந்த உப்பு. திராட்சையிலும் இந்த அமிலம் மிகுதி. பழத்தின் வகை, விளைந்த இடம், பழுத்த அளவு ஆகியவற்றைப் பொறுத்து அமிலத்தின் அளவு மாறும். ஒரு நாய் தப்பிப்பதும் இன்னொன்று சாவதும் ஏன் என்பதற்கு இது பொருத்தமான காரணமாகத் தெரிகிறது.

நம் அடுப்படியில் இருக்கும் புளி

இங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். டார்டாரிக் அமிலம் மிகுந்த இன்னொரு பொருள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. அது புளி. புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததை அந்த மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மீந்த சோற்றில் ரசத்தையோ புளிக்குழம்பையோ ஊற்றிப் பிசைந்து நாய்க்கு வைப்பது நம்மிடையே பல காலமாக இருக்கும் பழக்கம். ஒரு கரண்டி ரசத்தால் நாய் செத்துவிடும் என்று நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் அதில் புளி இருக்கிறது, உப்பு இருக்கிறது, நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடிய வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன. இத்தனையும் சேர்ந்த ஒன்றை எதற்கு வைக்க வேண்டும்? வெறும் சோறும், உப்புக் காரம் போடாமல் வேகவைத்த கோழி இறைச்சியும் போதுமே. கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையைத் திறந்த குப்பைக்கூடையில் போடாதீர்கள். கோயிலிலிருந்து கொண்டுவரும் அர்ச்சனைத் தட்டில் திராட்சைக் கொத்து இருந்தால், அதை உயரமான இடத்தில் வையுங்கள். கேசரியும் பிரியாணியும் மிஞ்சினால், கிஸ்மிஸ் இருக்கிறதே என்பதை மறவாதீர்கள்.

நம் ஊர்ப் பழங்கள்

எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. தர்ப்பூசணி கொடுக்கலாம், பெரும்பகுதி தண்ணீர்தான். விதையையும் தடித்த தோலையும் நீக்கிவிட வேண்டும். பப்பாளி, வாழைப்பழம், கொட்டை நீக்கிய மாம்பழச் சதை, விதை எடுத்த ஆப்பிள் ஆகியவையும் கொடுக்கலாம். ஆரஞ்சு கொடுத்தால் தோலும் விதையும் இல்லாமல் ஒரு சுளை போதும்.

கொட்டைதான் நம் நாட்டுப் பழங்களில் பெரிய தொல்லை. மாங்கொட்டையை நாய் சப்பிவிட்டுப் போட்டுவிடும் என்று நினைக்கிறோம். வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போனால் மூச்சு அடைக்கும்; குடலுக்குள் போய்ச் சிக்கினால் அறுவைச் சிகிச்சைதான். ரம்புத்தான், லங்சாட், சிக்கு எல்லாவற்றிலும் இதே கதைதான். வீட்டுப் பின்புறம் ரம்புத்தான் மரம் வைத்திருப்பவர்கள், பழக்காலத்தில் கீழே விழுந்ததைக் காலையும் மாலையும் பெருக்கிவிடுவது நல்லது.

டுரியான் பருவம் வந்தால் நம்மைவிட நாய்க்குத்தான் மூக்கு நீளம். டுரியானில் சர்க்கரையோடு கொழுப்பும் சேர்ந்திருக்கிறது. கொழுப்பு மிகுந்த உணவை நாய் திடீரென்று நிறையத் தின்றால் கணையம் வீங்கி, கடும் வயிற்று வலியும் வாந்தியும் வரலாம். ஆசைக்குச் சுண்டுவிரல் நுனி அளவு கொடுங்கள், போதும். கொட்டையையும் முள்தோலையும் எட்டாத இடத்தில் போடுங்கள்.

பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதில் ஆக்ஸாலேட் இருக்கிறது. சிறுநீரக நோய் உள்ள மனிதர்களுக்கே அது ஆகாது. ஊறுகாய்ப் பழம், அசாம் போய் போன்ற உப்புப் பழங்கள், சர்க்கரைப் பாகில் ஊறிய டின் பழங்கள் இவையும் வேண்டாம். "சர்க்கரை இல்லாதது" என்று அச்சிட்ட ஜாம், மிட்டாய், சுவிங்கம் போன்றவற்றில் சைலிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள். அது நாயின் இரத்தச் சர்க்கரையை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

எவ்வளவு கொடுப்பது?

விலங்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு சொல்வார்கள். ஒரு நாளைய உணவில் தின்பண்டத்தின் பங்கு பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பத்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை. அதில் பத்து விழுக்காடு 60 கலோரி. நடுத்தர வாழைப்பழத்தில் பாதி கொடுத்தாலே 50 கலோரி ஆகிவிடும். தர்ப்பூசணி என்றால் 200 கிராம் வரை வரும். ஒரு சின்ன டுரியான் சுளையிலேயே அன்றைய பங்கு முடிந்துவிடும். பிஸ்கட்டும் மற்ற தின்பண்டங்களும் இந்தக் கணக்கிலேயே அடங்க வேண்டும். வீட்டில் ஐந்து பேர் இருந்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

புதிய பழம் என்றால் முதலில் ஒரு சிறு துண்டு. மறுநாள் வரை பொறுத்திருந்து வயிறு கலங்குகிறதா என்று பாருங்கள். நீரிழிவு உள்ள நாய், பருத்த நாய், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

நாய் திராட்சையோ கிஸ்மிஸோ புளியோ தின்றுவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது, நாயின் எடை என்ன என்ற நாலு விவரங்களைச் சொல்லுங்கள். பொட்டலம் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் போனால், மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடியும். பிறகு நரம்பு வழியாக நீரேற்றி, இரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகத்தைக் கவனிப்பார். இரண்டு மூன்று நாள் கழித்து, சிறுநீர் நின்ற பிறகு போனால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதிக உப்பே நாய்க்கு நஞ்சு, மூளையைப் பாதித்துவிடும்.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. விலங்கை வளர்ப்பவர் அதற்கு ஏற்ற உணவு கொடுத்துத் துன்பத்திலிருந்து காக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் நாய் வளர்ப்பதில்லை. அன்பினால்தான் வளர்க்கிறோம். கேடு வருவதும் பெரும்பாலும் அந்த அன்பினால்தான். எது நல்லது, எது கெட்டது என்று அதற்குத் தெரியாது; நம் கையிலிருந்து வருவது எல்லாம் நல்லது என்றே அது நம்புகிறது.

ஆகவே நேயர்களே, இன்றிரவே ஒரு தாளில் திராட்சை, கிஸ்மிஸ், புளி, வெங்காயம், பூண்டு, சைலிட்டால், பெலிம்பிங் என்று எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். பக்கத்தில் உங்கள் விலங்கு மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணையும் எழுதுங்கள். பாட்டி, தாத்தா, பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வருபவர் என எல்லாரையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள்.