"எங்ககிட்ட திருட என்ன இருக்கு தம்பி?"

இன்னைக்கு எபிசோட் நேரடியா உங்களுக்கானது இல்ல. உங்க வீட்டுல யாராவது ஒருத்தர் மளிகைக் கடையோ, லேத் பட்டறையோ, பிரிண்டிங் பிரஸ்ஸோ, சின்னதா ஒரு கார்மென்ட்ஸ் யூனிட்டோ நடத்திட்டு இருப்பாங்க. அவங்க ஃபோன்ல ஒரு சிக்கல்னா முதல்ல யாரைக் கூப்பிடுவாங்க? "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே"ன்னு உங்களைத்தான். அதனால இதை அவங்ககிட்ட கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய ஆள் நீங்க.

சைபர் செக்யூரிட்டின்னு ஆரம்பிச்சாலே கடைக்காரங்க சொல்ற பதில் ஒண்ணுதான்: "எங்ககிட்ட திருட என்ன இருக்கு தம்பி? நாங்க என்ன பேங்க்கா நடத்துறோம்?" அதுல பாதி நியாயம் இருக்கு. உங்க மாமா கடையைக் குறிவெச்சு எவனும் ராத்திரி கண் முழிக்கப் போறதில்ல. தெருவுல ஒவ்வொரு பூட்டையும் ஆட்டிப் பார்த்துட்டே போறவன் எந்தக் கடைன்னா பார்க்கிறான்? திறந்த கடைக்குள்ள போவான், அவ்வளவுதான். 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை பரவினது அப்படித்தான். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள் வரைக்கும் போய் முடக்குச்சு. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே கொடுத்திருந்தாங்க. "பில் போடுற நேரத்துல அப்டேட் கேக்குது, அப்புறம் பார்க்கலாம்"னு தள்ளிவிட்ட மெஷின்கள்தான் அதிகமா மாட்டுச்சு.

சரி, இப்ப பெரிய விஷயத்துக்கு வருவோம். என்னைக் கேட்டா, ஒரு சின்ன பிசினஸை ஒரே நாள்ல சாய்க்கக்கூடியது வைரஸ் இல்ல. ஒரு இன்வாய்ஸ்.

திருப்பூர்ல ஒரு சின்ன யூனிட்னு வெச்சுக்கங்க. நூல் வாங்குற மில்லுக்கு மாசாமாசம் சில லட்சம் போகுது. எல்லாம் மெயில்லதான். ஒருநாள் அந்த மில்லோட அக்கவுன்டன்ட் ஏதோ ஒரு லிங்க்கைத் தட்டி, பாஸ்வேர்டை ஒரு போலி லாகின் பக்கத்துல போட்டுடுறாரு. உள்ள வந்தவன் உடனே எதையும் எடுக்க மாட்டான். தனக்கும் ஒரு காப்பி வர்ற மாதிரி ஃபார்வர்டிங் வெச்சுட்டு, வாரக்கணக்குல படிச்சுட்டே இருப்பான். யார் யாருக்கு எவ்வளவு தரணும், எந்தத் தேதியில, "சார்"னு எழுதுவாங்களா "அண்ணா"ன்னு எழுதுவாங்களா, எல்லாம். சரியா பணம் போற வாரத்துல ஒரு மெயில் வரும்: "எங்க பழைய அக்கவுன்ட் ஆடிட்ல இருக்கு, இந்தத் தடவை புது அக்கவுன்ட்டுக்குப் போட்டுடுங்க." அதே லோகோ, அதே பில் நம்பர், அதே தொகை. மெயில் ஐடியில மட்டும் ஆங்கில எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல ஆரும் என்னும் ஒட்டி நிக்கும். அவசரத்துல யார் கண்ணுக்குத் தெரியும்? சில நேரம் அந்த வித்தியாசம்கூட இருக்காது. மில்லோட ஒரிஜினல் ஐடியில இருந்தே வரும்.

இதுல கொடுமை என்னன்னா, உங்க பக்கம் எதுவுமே ஹேக் ஆகல. ஆனா போனது உங்க பணம். மில்காரர் "எனக்கு வரல"ம்பார், நீங்க "நான் போட்டுட்டேன்"ம்பீங்க. அந்த வாரக் கூலியை எங்கிருந்து கொடுக்கிறது?

படிக்காதவங்கதான் ஏமாறுவாங்கன்னு நினைக்காதீங்க. 2013ல இருந்து 2015 வரைக்கும் லித்துவேனியாவைச் சேர்ந்த ஒருத்தர் இதே ஐடியாவுல, ஒரு தைவான் சப்ளையர் பேர்ல போலி பில் அனுப்பி, கூகுள்கிட்டயும் ஃபேஸ்புக்கிட்டயும் 10 கோடி டாலருக்கு மேல வாங்கியிருக்கார். 2019ல அவருக்கு 5 வருஷ ஜெயில் கிடைச்சுது. அவ்வளவு பெரிய கம்பெனிகளோட அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டே நம்பியிருக்கு.

இதுக்கு மருந்து சாஃப்ட்வேர் இல்ல, ஒரு பழக்கம். அக்கவுன்ட் நம்பர் மாறுதுன்னு எந்த வழியில தகவல் வந்தாலும், ஏற்கனவே உங்க ஃபோன்ல சேவ் ஆகியிருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேக்கணும். அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல, அதை அவனே எடுப்பான். ஃபோன்ல கேட்ட பிறகும் முதல்ல 1 ரூபாய் அனுப்பி, வந்துச்சான்னு கேட்டுட்டு மீதியை அனுப்புங்க. இன்னொண்ணு, ஆன்லைன்ல நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் போடும்போது அக்கவுன்ட் யார் பேர்ல இருக்குன்னு காட்டுற வசதியை 2025 ஏப்ரலுக்குள்ள பேங்குகள் தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. அந்தப் பேரைப் படிக்காம பட்டனை அமுக்காதீங்க. மில் பேருக்குப் பதிலா யாரோ ஒரு தனிநபர் பேர் வந்தா அங்கேயே நிறுத்திடுங்க.

அடுத்தது கல்லாப் பக்கம். போலி ஸ்க்ரீன்ஷாட், கியூஆர் மேல வேற ஸ்டிக்கர், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். சவுண்ட் பாக்ஸ் சொன்னாதான் பணம், காலையில ஷட்டர் தூக்கினதும் ஸ்டிக்கரை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்க, முடிஞ்சுது. பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் போடவே தேவையில்லங்கிறதை மட்டும் கடைப் பையன் வரைக்கும் சொல்லி வைங்க.

அதிகம் பேசப்படாத ஒண்ணு இருக்கு. முன்பின் தெரியாத ஒருத்தர் வந்து, "அண்ணா, ஏடிஎம் வேலை செய்யல, 5,000 ஜிபே பண்றேன், கேஷா கொடுங்களேன்"ம்பார். பணம் நிஜமாவே வரும். கொஞ்ச நாள் கழிச்சு உங்க அக்கவுன்ட் முடங்கிக் கிடக்கும். ஏன்னா அந்த 5,000 வேற யாரோ ஏமாந்த பணம். போலீஸ் பணத்தோட தடத்தைப் பிடிச்சுட்டே வரும்போது அடுத்த அக்கவுன்ட் உங்களோடது. சில சமயம் அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைப்பாங்க, சில சமயம் முழு அக்கவுன்ட்டும் போயிடும். புகார் வேற மாநிலத்துல இருந்தா அலைச்சல் உங்களுக்கு. உதவி பண்ணக் கூடாதான்னு கேட்டா, தெரிஞ்ச முகத்துக்குப் பண்ணுங்க. கூடவே, கல்லா கியூஆருக்குத் தனி அக்கவுன்ட், சம்பளமும் சப்ளையருக்குப் போறதும் வேற அக்கவுன்ட்னு பிரிச்சு வைங்க. ஒண்ணு முடங்கினாலும் கடை ஓடணும்.

பேக்கப் பத்தி நான் பேசலன்னா எபிசோடே முடியாது! "டேலி டேட்டாவை பென் டிரைவ்ல போட்டு வெச்சிருக்கோம்"னு சொல்வாங்க. எங்கன்னு பார்த்தா, அது அதே கம்ப்யூட்டர் பின்னாடியே சொருகியிருக்கும். ரான்சம்வேர் வந்தா சிபியுவுல இருக்கிறதையும் பூட்டும், சொருகியிருக்கிறதையும் சேர்த்துப் பூட்டும். ரெண்டு டிரைவ் வாங்குங்க. ஒண்ணுல எடுத்ததும் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போங்க, அடுத்த வாரம் இன்னொண்ணு. மாசம் ஒரு தடவை வேற லேப்டாப்ல அதைத் திறந்து, நேத்து போட்ட பில் தெரியுதான்னு பாருங்க. திறந்தே பார்க்காத பேக்கப்பை நான் கணக்குல சேர்க்கிறதில்ல.

கடைசியா, இந்த ஞாயித்துக்கிழமை நீங்க செய்யக்கூடியது. அவங்க ஃபோனை வாங்கி வாட்ஸ்அப்லயும் ஜிமெயில்லயும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுடுங்க. லிங்க்டு டிவைஸஸ்ல வேலையை விட்டுப் போன பையனோட கம்ப்யூட்டர் இன்னும் இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்கும். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் ஃபைன்னு ஏபிகே ஃபைல் வந்திருந்தா திறக்காம அழிச்சிடுங்க. அப்புறம் 1930ங்கிற நம்பரை "சைபர் போலீஸ்"னு தமிழ்லயே சேவ் பண்ணிக் கொடுங்க. பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷம் கூப்பிடணும். பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள நிறுத்தி வைக்கத்தான் அந்த நம்பரே. நிறைய பேர் வெக்கப்பட்டு, வீட்டுல கூட சொல்லாம, ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிடுறாங்க. அதுக்குள்ள எவனோ எங்கயோ ஏடிஎம்ல எடுத்துட்டுப் போயிருப்பான்.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.